பூப்போட்ட ஃபிளாஸ்க்

குன் டோங், ஹாங்காங்
பிப்ரவரி 20, 2003

வான்யீ,

சாப்பிட்டாயா? கால்வலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்க வார்டில் நிற்கிறவளுக்கு நல்ல செருப்பாக ஒன்று வாங்கிக்கொள்ளத் தெரியாதா? இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம்.

நம் விதியை நான் மீறவில்லை. பள்ளியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து நீ போட்ட விதி: "கண்ணு முன்னாடி இருக்குற பொருளப் பத்தி மட்டும்தான் எழுதணும்டீ. இல்லாதத எழுதினா கடிதம் செல்லாது." இப்போது அம்மாவின் மீன்கடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். என் கண்முன் தொங்குவது சிவப்பு விளக்குக்கூண்டு. சந்தையில் எல்லாக் கடையிலும் தொங்குகிற அதே பிளாஸ்டிக் கூண்டு. அதன் வெளிச்சத்தில் செத்த மீன்கூடச் சற்று வெட்கப்படுவது போலத் தெரிகிறது. அம்மாவிடம் சொன்னேன்.

"இதுக்கா உன்னப் பட்டம் படிக்க வச்சேன்?" என்றார்.

"மீன் புதுசாத் தெரியுதுன்னு சொல்றேம்மா."

"தெரியுதா? புதுசுதான்டீ! வாடிக்கக்காரங்க காதுல விழப்போகுது, வாய மூடு."

பட்டமளிப்புப் படத்தை அப்பா டிவிக்கு மேலே மாட்டிவிட்டார், பாடகர் கா-சுன் காலண்டருக்குப் பக்கத்தில். வருகிறவர்களிடமெல்லாம், "இந்த ரெண்டுல பட்டம் வாங்குனது இடது பக்கம் இருக்குறது" என்று சொல்கிறார். பள்ளி நூலக வேலை பிடித்திருக்கிறது. அங்கே யாரும் பேசக்கூடாது என்பதே காரணம்.

எல்லைக்கு அந்தப் பக்கம், சீனாவில், ஏதோ ஒரு காய்ச்சலாம். கிருமி சாகுமென்று அம்மா தினமும் அடுப்பில் வினிகரைக் கொதிக்க வைக்கிறார். வீடு முழுக்க ஊறுகாய் ஜாடிக்குள் இருப்பது போல நாற்றம். எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. சிரிக்காதே. ஃபோன் செய்யலாம்தான், ஆனால் உனக்கே தெரியும், ஃபோனை எடுத்தால் என் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
சியூஹா


நர்ஸ் விடுதி
மார்ச் 2

என் பயந்தாங்கொள்ளி சியூஹாவுக்கு,

சாப்பிட்டேன், தூங்கினேன், கால் இன்னும் இரண்டும் இருக்கின்றன. உன் அம்மாவின் வினிகர் வாசம் காகிதத்தோடு இங்கே வரைக்கும் வந்துவிட்டது.

என் கண்முன்: அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் கா-சுன் அட்டை. மீன் உருண்டைக் குச்சியைக் கடித்துக்கொண்டிருக்கிறானே, அது. காசு போட்டுக் கைப்பிடியைத் திருகினால் 'டக்' என்று விழும் அந்த அட்டை இயந்திரத்தின் முன்னால் நம் மாலைகள் எல்லாம் போயின. டிராமில் குடையோடு தூங்குகிற அட்டை மட்டும் நம் இருவருக்குமே இன்றுவரை விழவில்லை. "அடுத்தது விழும்டீ, என் கை சொல்லுது" என்று நீ சொல்லாத நாளில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள் அந்த இயந்திரத்தின் முன்னால் மட்டும் சூதாடியாக மாறுவாய்.

அட்டைக்குக் கீழே அம்மாவின் ஃபிளாஸ்க். சிவப்புப் பெரிய பூப்போட்டது. ஞாயிறுதோறும் வீட்டுக்குப் போகும்போது காலி ஃபிளாஸ்க்கைக் கொடுத்துவிட்டு, சூப் நிறைத்த அதையே வாங்கி வருவேன். காலியாகத் திரும்பியே ஆக வேண்டும். அம்மா மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார், பரீட்சைத் தாள் திருத்துவது போல. கொட்டிவிட்டேனா, குடித்தேனா என்பதை மூக்காலேயே கண்டுபிடித்துவிடுவார். அப்பா போன பிறகு அவருக்கு நான் ஒருத்திதான், எனக்கு அந்த மூக்கு ஒன்றுதான்.

காய்ச்சல் பற்றிய வதந்தியை நம்பாதே. நன்றாகச் சாப்பிடு.

உன்
வான்யீ


நர்ஸ் விடுதி
மார்ச் 18

சியூஹா,

சுகமா? வீட்டில் எல்லோரும் சுகமா? உன் இரண்டு கடிதங்களும் வந்தன. இவ்வளவு கேள்விகளை ஒரே காகிதத்தில் நீ இதுவரை கேட்டதில்லை. உடனே பதில் எழுத முடியவில்லை, வேலை அதிகம்.

இன்று என் கண்முன் நீல பிஸ்கட் டப்பா. புத்தாண்டுக்கு ஊரெல்லாம் ஒருவருக்கொருவர் கொடுத்து, கடைசியில் கொடுத்தவர் வீட்டுக்கே திரும்பி வருமே, அதே டப்பா. எந்த வீட்டிலாவது அதற்குள் பிஸ்கட் இருந்து பார்த்திருக்கிறாயா? உன் வீட்டில் ஊசி நூல், என் வீட்டில் பொத்தான்கள். எங்கள் வார்டு டப்பாவில் இன்று காலை மடித்த சீட்டுகள். ஒவ்வொருத்தியாகக் கையை விட்டு ஒன்றை எடுத்தோம். மூய் அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு எடுத்தாள். மூத்த நர்ஸ், ஆனால் ஊசிக்குப் பயப்படும் குழந்தை மாதிரி. டப்பாவின் விளிம்பில் துருவேறி வழவழப்பு போய்விட்டது, ஆனாலும் மூடியிலிருக்கும் பூங்கொத்துப் படம் அப்படியே இருக்கிறது. நல்ல டப்பா.

ஒரு உதவி. இன்னும் கொஞ்ச நாள் ஞாயிற்றுக்கிழமை என்னால் வீட்டுக்கு வர முடியாது. ஏதோ பயிற்சி என்று அம்மாவிடம் சொல். உன் கட்டடத்திலிருந்து அம்மா கட்டடம் இரண்டு தள்ளித்தானே. ஃபிளாஸ்க்கை இந்த ஞாயிறு வீட்டிலேயே மறந்துவிட்டேன்; அதில் சூப் வாங்கி வந்து மருத்துவமனை வாசலில் காவலரிடம் கொடுத்துவிட்டுப் போ. உள்ளே வராதே. வாசலிலும் நிற்காதே.

கையை நன்றாகக் கழுவு.
வான்யீ


குன் டோங்
மார்ச் 26

வான்யீ,

நலமா? இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன், வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

ஞாயிறு அன்று சூப் கொண்டுவந்தேன். காவலர் மாஸ்க் போட்டிருந்தார். கண்கள் மட்டும் தெரிந்தன.

"யாருக்கும்மா?"

"வான்யீ. நர்ஸ்."

ஒரு தாளைப் பார்த்துவிட்டு "ஓ" என்றார். அந்த 'ஓ' இன்னும் என் காதுக்குள்ளேயே இருக்கிறது.

"காலி ஃபிளாஸ்க்க எப்ப வந்து வாங்கிக்கலாம் அண்ணே?"

"அந்த வார்டுக்குள்ள போனது எதுவும் வெளிய வராதும்மா. பையில கட்டி எரிக்கத்தான் போகும்."

பஸ்ஸில் எப்படித் திரும்பினேன் என்று தெரியவில்லை. யாரோ ஒருவர் இருமினார், அவரைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நானும் எழுந்தேன்.

உன் அம்மாவிடம் வெறுங்கையோடு போக முடியாது. சந்தைக்கு எதிரே பாத்திரக் கடையில் அதே சிவப்புப் பூப்போட்ட ஃபிளாஸ்க் தொங்கியது. வாங்கினேன். எங்கள் வீட்டுத் தாமரைக்கிழங்கு சூப்பை அதில் ஊற்றிக் கொஞ்ச நேரம் வைத்திருந்து, கொட்டிவிட்டு, அரைகுறையாகக் கழுவினேன், வாசம் போகாமல். அடிப்பாகத்தைத் தரையில் தேய்த்துப் பழசாக்கினேன். என் வாழ்நாளில் இவ்வளவு கவனமாக ஒரு பொய்யை நான் தயாரித்ததில்லை.

பெரியம்மா மூடியைத் திறந்து மோந்தார். மூடிக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

"குடிச்சாளா?"

"குடிச்சா பெரியம்மா."

"பயிற்சி நல்லா நடக்குதாமா?"

"நடக்குதாம்."

"சரி, அடுத்த வாரமும் வந்து வாங்கிட்டுப் போ. நீ ஏன்டீ இப்படி எளச்சுட்ட?"

டப்பாவிலிருந்து நீ எடுத்த சீட்டில் என்ன இருந்தது? அதை மட்டும் நீ எழுதவில்லை.

உடனே எழுது.
சியூஹா


நர்ஸ் விடுதி
ஏப்ரல் 2

சியூஹா,

உன் உடம்பு எப்படி? ஜுரம் பார்க்கிறாயா? பார்த்துக்கொண்டிரு.

சரி. காய்ச்சல் வார்டு என்று இருந்தது. போதுமா?

மூய் அக்காவுக்கும் அதே சீட்டுதான். நாங்கள் இருவரும் ஒன்றாகவே உள்ளே போகிறோம். உள்ளே எல்லோருக்கும் ஒரே நீல அங்கி, மாஸ்க், கண்ணாடி. யார் யாரென்று தெரியாததால் முதுகில் பேனாவால் பெயர் எழுதிக்கொள்கிறோம். நேற்று என் முதுகில் கா-சுன் முகத்தை வரையச் சொன்னேன். மூய் அக்கா வரைந்தது கெளுத்தி மீன் போல வந்தது. ஆனால் மூச்சுத் திணறும் ஒரு ஆள் அதைப் பார்த்துவிட்டு அவனுடைய டிராம் பாட்டை முணுமுணுத்தார். "பாடாதீங்கண்ணே, மூச்ச மிச்சம் பிடிங்க" என்றேன். "நீ முன்னாடி திரும்பாத, மீனு அழகா இருக்கு" என்றார்.

என் கண்முன்: விடுதி வரவேற்பறைத் தொலைபேசி. சமையலறைப் பிளாஸ்டிக் தாளில் தலைமுதல் கால்வரை சுற்றியிருக்கிறார்கள். எண்கள் மங்கலாகத் தெரிகின்றன. இந்தப் பச்சை ஃபோனை நான் இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததே இல்லை. வட்டமான ரிசீவர், குழந்தையின் கன்னம் மாதிரி.

அம்மாவுக்குச் சொல்லாதே. தெரிந்தால் அவர் சூப் காய்ச்சுவதை விட்டுவிட்டு மருத்துவமனை வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வார். யாராலும் எழுப்ப முடியாது. பயப்படுவதற்கு நீ ஒருத்தி இருக்கிறாயே, அது போதும்.

புது ஃபிளாஸ்க் வாங்கும் உன் மூளை பட்டம் பெற்ற மூளைதான்.

வான்யீ


குன் டோங்
ஏப்ரல் 8

வான்யீ,

நலமாக இரு. அதைத்தவிர வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

பள்ளியை மூடிவிட்டார்கள். முதல் தேதியன்று, ஊரை அடைக்கப்போகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் கடையில் அரிசி இல்லை. பிறகு பொய் என்றார்கள். அம்மா அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு, "பொய்யோ நெசமோ, அரிசி அரிசிதான்" என்றார்.

பக்கத்துக் குடியிருப்பில் ஒரு கட்டடத்தையே காலி செய்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒரு பெண் கையில் பறவைக்கூண்டோடு ஏறினாள்.

என் கண்முன் பல்குத்தி. லிஃப்டில் பொத்தான்களுக்குப் பக்கத்தில் ஸ்பாஞ்சுத் துண்டு ஒட்டி அதில் பல்குத்திகளைக் குத்தி வைத்திருக்கிறார்கள். ஒன்றை எடுத்துப் பொத்தானை அழுத்திவிட்டுப் போட்டுவிட வேண்டும். இரண்டு வாரமாக என் விரல் வீட்டுக்கு வெளியே எதையும் தொடவில்லை. சட்டைப்பையில் பல்குத்திகள் நிறைந்திருக்கின்றன. சாப்பாட்டு மேசையில் அசட்டையாகக் கிடந்த பொருள், இப்போது அது இல்லாமல் என்னால் கதவைத் தாண்ட முடியவில்லை.

ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். உன் கடிதங்களை அம்மா துணிக்கம்பில் கிளிப் போட்டு வெயிலில் காயவைக்கிறார். அதற்கப்புறம்தான் எனக்குத் தருகிறார். நான் தடுக்கவில்லை.

மூன்றாவது ஃபிளாஸ்க் வாங்கப் போனேன். கடைக்காரர், "உங்க வீட்ல எத்தன பேருக்குத்தான்டா சாமி சூப்பு?" என்றார். பெரியம்மா வழக்கம்போல மோந்தார், மூடிக்குள் விரலைச் சுற்றினார். "வரவர இவ நல்லா கழுவக் கத்துக்கிட்டா" என்றார். நான் சிரிக்க முயன்றேன். என் முகம் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

சீக்கிரம் எழுது.
சியூஹா


ஏப்ரல் 15

சியூஹா,

நலமா? நான் நலம்.

எழுத்து வேறாக இருக்கிறதே என்று பார்க்காதே. நான் எழுதிக் கண்ணாடிச் சுவரில் ஒட்டிப் பிடிக்கிறேன். மூய் அக்கா அந்தப் பக்கம் நின்று பார்த்து எழுதுகிறாள். இங்கிருந்து காகிதம் வெளியே போகக்கூடாது. அவள் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், மன்னித்துவிடு. (நான் அப்படியே எழுதுகிறேன், என்னைத் திட்டியதையும் சேர்த்து. மூய்)

என் கண்முன்: அழைப்புப் பொத்தான். ஆரஞ்சு நிறம். கட்டைவிரல் அளவு. வயரைக் கட்டிலின் கம்பியில் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள், கீழே விழாமல் இருக்க. நடுவில் கொஞ்சம் குழிந்திருக்கிறது. எத்தனையோ பேர் அழுத்தி அழுத்தி அப்படி ஆகியிருக்க வேண்டும். விரல் அதில் சரியாகப் பொருந்துகிறது. யார் செய்தார்களோ, மனிதர்களைத் தெரிந்த ஆள்.

அம்மாவின் சூப் நன்றாக இருந்தது என்று சொல்.

வா


குன் டோங்
ஏப்ரல் 18

வான்யீ,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் பயமாக இருக்கிறது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

நோயாளி பொத்தானை அழுத்தினால் நர்ஸ் பார்ப்பது கதவுக்கு மேலே எரியும் விளக்கை. நீயே ஒருமுறை எழுதியிருக்கிறாய், "நாள் முழுக்க அந்தப் பாழாய்ப்போன விளக்கையே பார்த்துப் பார்த்துக் கண் சிவந்துவிட்டது" என்று. பொத்தானில் இருக்கும் குழிவு படுக்கையில் படுத்திருப்பவளுக்குத்தான் தெரியும்.

உன்னால் விதியை மீற முடியாது. பொய் சொல்லவும் முடியாது. அதனால்தான் பொத்தானைப் பற்றி எழுதினாய். நான் கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்தாயா, கண்டுபிடிக்கக்கூடாது என்றா?

கடிதத்தைப் படித்ததும் கையைக் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன். அப்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

பிறகு கீழே எழுதுபொருள் கடைக்குப் போனேன். கடை பாதி மூடியிருந்தது. அட்டை இயந்திரம் அங்கேயே இருக்கிறது. கையிலிருந்த சில்லறை எல்லாவற்றையும் போட்டேன். கைப்பிடியைப் பல்குத்தியால் திருக முடியாது, கைக்குட்டையைச் சுற்றித் திருகினேன். கடைசியில் விழுந்தது. கா-சுன், டிராம், குடை, தூக்கம். கடைக்காரர் முன்னாலேயே அழுதேன்.

"அட்டதானம்மா, இதுக்கா அழுவாங்க?" என்றார்.

அதை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். உள்ளே வந்தால் வெளியே வராது, எரித்துவிடுவார்கள். தெரிந்துதான் அனுப்புகிறேன்.

ஒரு வரி போதும். மூய் அக்காவின் கோழிக்கிறுக்கலில் ஒரே ஒரு வரி.

சியூஹா


குன் டோங்
ஏப்ரல் 29

வான்யீ,

என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இப்போது நான் எழுதப்போவது என் கடிதம் இல்லை. பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். சொல்லச் சொல்ல எழுதுகிறேன். "அழகுபடுத்தாத, நான் சொல்றத அப்படியே எழுது" என்கிறார்.

அடியே வான்யீ. சாப்புட்டியான்னு கேக்க மாட்டேன். உனக்கு வாயில கொழா போட்டிருக்காங்கன்னு நேத்து ஆஸ்பத்திரிலருந்து ஃபோன் பண்ணிச் சொன்னாங்க. நீ அம்மாகிட்டச் சொல்ல வேணாம்னு எழுதிக் குடுத்திருந்தியாம். இப்ப சொல்லாம முடியலன்னு சொன்னாங்க. நல்ல பொண்ணுடீ நீ.

நீ எந்த வார்டுல இருக்கேன்னு எனக்கு எப்பவோ தெரியும். இந்தச் சியூஹா மொத மொதல்ல கொண்டாந்து குடுத்த ஃபிளாஸ்க்லயே தெரியும். இவ முழிக்கிறா, எழுதுறத நிறுத்திட்டா. எழுதுடீ. நம்ம ஃபிளாஸ்க் மூடிக்குள்ள இருந்த ரப்பர் வளையம் போன வருசமே பிஞ்சு போச்சு. என் பழைய செருப்புப் பட்டையில வட்டமா வெட்டி நான்தான் போட்டேன், நீலக் கலர்ல. இவ கொண்டாந்ததுல வெள்ள வளையம், புத்தம் புதுசு. விரல விட்டதும் வழுக்கிச்சு. அடியில தேச்சிருக்கா, பாவம், படிச்ச புள்ள. மூடிக்குள்ள யாராவது பாப்பாங்களா, அம்மாவத் தவிர?

ஏன் கேக்கலன்னு நெனப்ப. நான் கண்டுபிடிச்சது இவளுக்குத் தெரிஞ்சா உனக்கு எழுதிடுவா. உனக்குத் தெரிஞ்சா அங்க நின்னுக்கிட்டு எனக்காகப் பயப்படுவ. பயந்தவளுக்குச் சூப்பு தொண்டையில எறங்காது. அதான் மோந்து பாத்துட்டு வாய மூடிக்கிட்டேன். ஒவ்வொரு வாரமும் எலும்பு கூட ரெண்டு போட்டேன்.

இப்ப சொல்றேன், கேளு. அந்தக் கொழாய எடுக்குற வரைக்கும் சூப்பு குடுக்க மாட்டாங்களாம். எத்தன நாளானாலும் நான் காச்சிட்டேதான் இருப்பேன். ஆறிப் போனா நானே குடிப்பேன். நீ ஆறிப் போயிடாத. மூச்ச விடு. இழு. விடு. அவ்வளவுதான் வேல. இத்தன வருசமா செஞ்சதுதானே, சோம்பேறி.

இவ்வளவுதான் சொன்னார். இப்போது ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறார். மூய் அக்கா, இதை எப்படியாவது அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

சியூஹா


மே 6

அன்புள்ள சியூஹா,

வணக்கம். நீங்களும் வான்யீயின் அம்மாவும் நலமென்று நம்புகிறேன். நான் மூய். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை.

உங்கள் அட்டையை அவள் கட்டிலுக்கு எதிரே கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் அவள் கண்ணால் பார்த்திருப்பாள். நீங்கள் அனுப்பிய மறுநாளே குழாய் போட வேண்டி வந்தது. அதனால்தான் பதில் இல்லை. உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நானும் எழுதவில்லை.

அம்மா சொன்னதை உள்ளே எடுத்துப் போய்ப் படித்தேன். மயக்க மருந்தைக் குறைத்திருந்த நேரம். மாஸ்க்குக்குள்ளிருந்து கத்திக் கத்திப் படித்தேன். செருப்புப் பட்டை வந்தபோது ஒன்றும் இல்லை. எலும்பு வந்தபோது கண் இமை அசைந்தது போலத் தோன்றியது, ஆனால் அதை நம்பக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லித்தருவார்கள். "சோம்பேறி" என்று படித்தேன்.

அறையில் என்னைத்தவிர யாரும் இல்லை. கதவுக்கு மேலே விளக்கு எரிந்தது.

அவள் விரல் பொத்தானில் இருந்தது. நான் பக்கத்திலேயே நிற்கிறேன், ஆனாலும் என்னைக் கூப்பிடுகிறாள். "என்னடீ வேணும்?" என்றேன். மறுபடியும் அழுத்தினாள். திரும்ப முதலிலிருந்து படித்தேன்.

இன்னும் ஆபத்து தாண்டவில்லை. நல்லது நடக்குமென்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் விளக்கு எரிந்தது, அதை மட்டும் சொல்லலாம்.

மூய்


குன் டோங்
ஜூன் 10

சியூஹா,

சாப்பிட்டாயா? நான் சாப்பிட்டேன். சூப், சூப், பிறகு சூப். இடுப்பு எலும்பு வலிக்கிறது, மாடிப்படி ஏறினால் நின்று நின்றுதான் ஏற முடிகிறது. மற்றபடி நான் உன் வான்யீதான்.

வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது. இரண்டு கட்டடம் தள்ளி இருக்கிறவளுக்கு எதற்குத் தபால் என்று அம்மா கேட்கிறார். சொல்கிறேன்.

லிஃப்டுக்குள் நான் ஏறினால் மற்றவர்கள் இறங்கிவிடுகிறார்கள். எதிர்வீட்டு மாமி என் கதவுக்கு முன்னால் மட்டும் பிளீச்சிங் தண்ணீர் தெளிக்கிறார், ரொம்ப மரியாதையாக, "ஒண்ணும் நெனச்சுக்காதம்மா" என்று சொல்லிக்கொண்டே. நேற்று நீ கீழே பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றாய். பை கையில் இருந்தது. என் ஜன்னலைப் பார்த்தாய். பிறகு போய்விட்டாய். முந்தாநாளும் அப்படித்தான். நான் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கோபம் இல்லை சியூஹா. சீட்டு எடுத்த அன்று எனக்கும் கால் நகரவில்லை.

என் கண்முன்: தபால்தலை. உள்ளே இருந்தவரை என்னிடமிருந்து ஒரு காகிதத் துண்டுகூட வெளியே போக முடியவில்லை. அட்டையை எரித்துவிட்டார்கள், ஃபிளாஸ்க்குகளை, என் செருப்பை, எல்லாவற்றையும். இன்று அம்மாவிடம் ஒரு தபால்தலை வாங்கிவரச் சொன்னேன். அதன் பின்பக்கத்தை நாக்கால் நன்றாக நனைத்தேன். பசையின் சுவை, லேசான இனிப்பு. அழுத்தி ஒட்டினேன். பெட்டியில் நானே போய்ப் போடுவேன். தபால்காரர் எடுத்துப்போவார், யாரும் தடுக்க மாட்டார்கள்.

உன் அம்மா இதைக் கம்பில் காயப்போட்டால் போடட்டும். ஆனால் நீ அந்தத் தபால்தலையைத் தொட முடிகிற அன்றைக்கு மேலே வா. முடியாவிட்டால் எழுதிக்கொண்டிரு. அதுவும் போதும் என்று சொல்லப் பார்க்கிறேன், ஆனால் விதிப்படி பொய் எழுதக்கூடாதே.

வான்யீ


(கதவிடுக்கில் செருகியது)
ஜூன் 12

வான்யீ,

நலம் விசாரிக்க நேரில் வந்திருக்கிறேன். கடிதத்தைக் கம்பில் போட அம்மா கேட்டார், கொடுக்கவில்லை. தபால்தலைமேல் கட்டைவிரலை வைத்தபடியே படித்தேன்.

லிஃப்டில் பல்குத்தி எடுக்கவில்லை.

என் கண்முன் உங்கள் வீட்டு அழைப்பு மணி. வெள்ளைப் பொத்தான், நடுவில் கொஞ்சம் அழுக்கு. வெறும் விரல் அதன்மேல் இருக்கிறது. அழுத்துகிறேன். கதவைத் திற.

சியூஹா